நிற்றல், இருத்தல், கிடத்தல்: செஞ்சிப் பாறைகளில் தியானத்தின் பழைய பெயர்கள்

செஞ்சிக்குத் தென்கிழக்கே, மண்டகப்பட்டை அடுத்த சிற்றூர் தளவானூர். ஊரை ஒட்டி நிற்கும் குன்றைப் பஞ்சபாண்டவ மலை என்பார்கள். அதன் தென்முகத்தில் முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த சிவன் கோயில் இருக்கிறது. முகப்பின் இரு தூண்களுக்கு நடுவே மாலை தொங்குவதுபோல் ஒரு மகரதோரணம். மேலே கூடுகளுக்குள்ளிருந்து சிறு முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. உள்ளே போனால் கருவறை நேர் எதிரே இல்லை. மேற்குச் சுவரில், கிழக்கு நோக்கி அமைந்திருக்கிறது. வெயிலிலிருந்து உள்ளே வருபவர் கண் பழகும்வரை நின்று, உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் இறைவனைப் பார்க்க முடியும்.

இந்தக் கோயிலுக்கு வெட்டியவன் வைத்த பெயர் சத்ருமல்லேஸ்வராலயம். சத்ருமல்லன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்களுள் ஒன்று. படைவலியால் அரசர்களைப் பணிய வைத்தவன் இதைச் செய்வித்தான் என்கிறது அங்குள்ள வடமொழிச் சுலோகம். தமிழ் வெண்பா ஊரையும் சொல்கிறது: வெண்பேட்டின் தென்பக்கத்தில் அரனுக்கு இடமாகக் கண்டான் என்று. வெண்பேடு என்ற பெயர் வழக்கொழிந்துவிட்டது. சத்ருமல்லனைக் கல்வெட்டுப் படித்தவர்கள்தான் அறிவார்கள். குன்றின் பெயரோ பாண்டவர்களுக்குப் போய்விட்டது.

பாண்டவர்களுக்கு ஏன் போனது? செஞ்சி திரௌபதை அம்மன் வழிபாட்டின் தாய்வீடு. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரிக் கோயிலைத்தான் அந்த வழிபாட்டின் மூலத்தலமாகச் சொல்வார்கள். கோடைதோறும் பாரதம் படித்து, கூத்து ஆடி, தீ மிதிக்கிற மண் இது. இங்குள்ள மக்கள் ஆளில்லாத குகையையும் மழமழவென்று செதுக்கிய கற்படுக்கையையும் பார்த்தால், வனவாசத்தில் பாண்டவர் தங்கிய இடம் என்று நினைப்பது இயல்புதான். தமிழ்நாடு முழுக்க இதே கதை நடந்திருக்கிறது. ஆர்க்காட்டை அடுத்து ஒரு பஞ்சபாண்டவ மலை, மதுரைப் பக்கம் கீழவளவில் ஒரு பஞ்சபாண்டவர் மலை. இரண்டும் சமண முனிவர்கள் வாழ்ந்த இடங்கள். பஞ்சபாண்டவர் பெயர் தாங்கிய குன்று எங்கே இருந்தாலும், அங்கே துறவி யாராவது இருந்தாரா என்று தேடிப் பார்ப்பது வீண்போகாது.

அந்தத் துறவிகள் பாறைமேல் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று இன்று கேட்டால் எல்லோரும் ஒரே சொல்லில் விடை சொல்வோம்: தியானம். ஆனால் செஞ்சியைச் சுற்றியுள்ள பழைய கல்வெட்டுகளில் அவர்கள் இடத்துக்கு வைத்திருக்கும் பெயர்கள் வேறு. அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், இன்றைக்குத் தியானம் பழக நினைக்கும் ஒருவருக்கு வேண்டியது அவற்றிலேயே கிடைக்கிறது.

முதலில் பள்ளி. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981-இல் கண்டறிந்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி ஈந்த ‘பாளி’ என்று ஒரு குகையைக் குறிக்கிறது. முனிவர்கள் தங்கும் உறைவிடம் என்பது பொருள். மதுரை மாங்குளத்துக் கல்வெட்டுகளிலும் இந்தச் சொல் உண்டு. பள்ளிக்குப் படுக்கை, துயிலும் இடம் என்ற பொருளும் இருப்பது நமக்கு இன்றும் தெரியும்: பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொண்டான். துறவி தலைசாய்த்த இடம் பள்ளி. அங்கே பிள்ளைகள் வந்து எழுத்துப் படித்ததால் பள்ளிக்கூடம். பின்னாளில் இஸ்லாமியத் தமிழர் தொழுகை இடத்துக்கும் இதையே எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் என்றார்கள். பல சமயங்கள் கைமாற்றிக்கொண்ட சொல் இது. இவ்வளவு பெரிய வாழ்வு வாழ்ந்த சொல் தமிழில் அதிகம் இல்லை.

அடுத்தது அதிட்டானம். செஞ்சியை அடுத்த தொண்டூரில் குகைப் படுக்கைகளோடு ஒரு கல்வெட்டு இருக்கிறது. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். ஒருவர் ஏவ, அகழூரைச் சேர்ந்த மோசி என்பவர் செய்து கொடுத்த ‘அதிட்டானம்’ என்கிறது அது. அந்த அகழூர்தான் இன்றைய அகலூர். சமணக் குடும்பங்கள் இன்னும் வாழும் ஊர். அதிட்டானம் என்ற வடசொல்லின் வேர் ‘ஸ்தா’, அதாவது நிற்பது. மேலே நிலைபெற்று நிற்கும் இடம். இந்தச் சொல்லும் சாகவில்லை. சிற்பிகள் கோயிலின் அடித்தளத்தை அதிட்டானம் என்கிறார்கள். மகான்கள் அடங்கிய இடத்தை அதிஷ்டானம் என்கிறோம்.

மூன்றாவது பெயரைப் பார்க்கச் செஞ்சி நகரின் வடபக்கம் சிறுகடம்பூருக்குப் போக வேண்டும். திருநாதர்குன்று. ஒரு பெரும்பாறையின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே இருப்பு: கால் மடித்து, கை மடிமேல் வைத்து, முதுகு நிமிர்ந்து. ஒருவருக்கொருவர் வேறுபாடே தெரியாது. செதுக்கியவனுக்கு அந்த ஒப்புமை முக்கியமாக இருந்திருக்க வேண்டும். இங்கேதான் சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு. ஐம்பத்தேழு நாள் அனசனம், அதாவது உண்ணாநோன்பு, நோற்று உயிர்நீத்தவர் அவர். எழுத்தியல் அறிஞர்களுக்கு இது வேறொரு காரணத்தால் அருமையானது. தமிழின் ‘ஐ’ என்ற எழுத்து முதன்முதலாகத் தென்படும் கல்வெட்டு என்று இதைக் குறிப்பார்கள். அந்த ஐ, ஐம்பத்தேழு என்ற அந்த எண்ணின் முதலெழுத்து. பிற்காலத்தில் 30 நாள் நோன்பிருந்த இளையபட்டாரருக்கும் இதே குன்றில் கல்வெட்டு உண்டு.

சந்திரநந்தியின் இடத்துக்கு அந்தக் கல்வெட்டு தரும் பெயர் நிசீதிகை. கன்னட நாட்டில் நிசிதி என்று நூற்றுக்கணக்கான நினைவுக்கற்கள் இருக்கின்றன. சிரவணபெளகொள அவற்றுக்குப் பேர்போனது. ‘நி’ என்ற முன்னொட்டும் ‘சத்’ என்ற வேரும் சேர்ந்த சொல் இது. கீழே அமர்வது என்று பொருள். உபநிடதம் என்ற சொல்லுக்கும் இதுவே வேர்: ஆசானுக்கு அருகே அமர்வது. ஆக, சாவை எதிர்கொண்ட ஒரு மனிதரின் நினைவிடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அமர்ந்த இடம்’. தமிழ் மரபிலும் வடக்கு நோக்கி அமர்ந்து உயிர்விடுவதை வடக்கிருத்தல் என்றுதான் சொன்னார்கள். கோப்பெருஞ்சோழன் இருந்தான், நண்பர் பிசிராந்தையாரும் வந்து உடன் இருந்தார். தீராநோய், தள்ளாமை, தப்ப முடியாத இடர் என்று வந்தால் மட்டுமே சல்லேகனை என்ற இந்த நோன்பைச் சமண அறநூல்கள் ஏற்கின்றன. அவசரத்திலும் மனச்சோர்விலும் எடுக்கும் முடிவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பள்ளி கிடப்பது, அதிட்டானம் நிற்பது, நிசீதிகை இருப்பது. மூன்றும் உடம்பின் நிலைகள். மனத்தைப் பற்றிய சொல் ஒன்றுகூட இல்லை. பெருமாளையும் நின்றான், இருந்தான், கிடந்தான் என்று மூன்று கோலத்தில் கும்பிடுவது வைணவ வழக்கம் என்பதை நினைத்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தாரும் உள்ளொடுக்கத்தை உடம்பிலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. பௌத்தர்கள் நான்காவதாக நடையைச் சேர்த்தார்கள். அளவான தூரத்துக்கு மெல்லப் போய்த் திரும்பி வரும் நடைக்குப் பாலியில் சங்கமம் என்று பெயர். நம் பக்கத்தில் நடைக்குத் திருவண்ணாமலை இருக்கிறது: 14 கிலோமீட்டர் கிரிவலம். நிறைமாத கர்ப்பிணிபோல் மெல்ல நடக்க வேண்டும் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் அறிவுரை. பௌர்ணமிக் கூட்டத்தில் அது முடியாமல் போகலாம். ஒரு சாதாரண வியாழக்கிழமை விடியற்காலையில் முடியும்.

இப்போது தியானம் என்ற சொல்லுக்கு வருவோம். சிந்திப்பது, மனத்தால் நோக்குவது என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து பிறந்தது. பாலியில் ஜானம் ஆயிற்று. பௌத்தத்தோடு சீனத்துக்குப் போய்ச் சான்னா, பிறகு சுருங்கிச் சான். கொரியாவில் சொன், ஜப்பானில் ஜென், வியட்நாமில் தியென். சீனத்துக்கு இதைக் கொண்டுபோனதாகச் சொல்லப்படும் போதிதர்மரைத் தென்னிந்தியர் என்று ஒரு சீன மரபு சொல்கிறது, காஞ்சி இளவரசர் என்று நம் மரபு சொல்கிறது. அதில் எவ்வளவு வரலாறு என்பதில் விவாதம் உண்டு. காஞ்சியில் தங்கியதாகத் தம் உரைநூலிலேயே குறிப்பு உள்ள பௌத்த அறிஞர் புத்தகோசர், 5-ஆம் நூற்றாண்டுக்காரர். அவர் ஜானத்துக்கு ஒரு பொருள் கூறினார்: பொருளை ஊன்றி நோக்குவதாலும் ஜானம், எதிரான குணங்களை எரிப்பதாலும் ஜானம். எரிப்பது என்ற இரண்டாவது பொருள் ஒலி ஒப்புமையால் சொன்னது. வேர்ச்சொல் ஆய்வாக நிற்காது. ஆனாலும் தபஸ் என்ற சொல்லின் வேரும் வெப்பம்தான், திருவள்ளுவரும் தவத்துக்கு நெருப்பில் காயும் பொன்னைத்தான் காட்டுகிறார் என்பதால், அந்தக் காலத்து மனம் எந்தப் பக்கம் ஓடியது என்பது தெரிகிறது.

தமிழின் சொந்தச் சொல் நோன்பு. நோல் என்றால் பொறுத்தல். சந்திரநந்தி கல்வெட்டின் வினைச்சொல்லும் அதுதான்: நோற்ற. ரம்ஜான் மாதத்தில் இஸ்லாமியர் வைப்பதும் நோன்பு, மாசி பங்குனி கூடும் வேளையில் பெண்கள் அடை தட்டி வைப்பதும் காரடையான் நோன்பு. வள்ளுவர் தவத்தின் உருவம் என்று கூறியதும் இரண்டே: தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பது, பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமை. கண்ணை மூடுவதைப் பற்றி அவர் பேசவே இல்லை. தனித்தமிழ் அன்பர்கள் தியானத்துக்கு ஊழ்கம் என்று எழுதுகிறார்கள். பேச்சில் அது இன்னும் வரவில்லை. கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் 1911-இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி தம் பயிற்சிகளுக்குத் தவம் என்ற பழைய பெயரையே வைத்தார்: ஆக்கினைத் தவம், துரியத் தவம். மனவளக்கலை மன்றங்கள் ஊர்தோறும் வந்ததால், காட்டுக்குப் போன முனிவரோடு ஒட்டியிருந்த அந்தச் சொல் காலை ஆறு மணிக்கு அலுவலகம் போகிறவர்கள் வாய்க்கு வந்துவிட்டது. சொல்லுக்கு இதைவிட நல்ல தொண்டு செய்ய முடியாது. கிறித்தவர்கள் இதே சொல்லைத் தவக்காலத்துக்கு வைத்துக்கொண்டார்கள். வேதப்பகுதியைப் படித்து அசைபோடுவது அவர்களுக்குத் தியானம்.

சமணர்கள் தியானம் என்ற சொல்லைக் கையாண்ட விதம்தான் என்னை மிகவும் ஈர்த்தது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் திகம்பரர், சுவேதாம்பரர் இருவரும் ஏற்கும் நூல். மனம் ஒன்றைப் பற்றி நிற்பதே தியானம் என்று சொல்லிவிட்டு, அதை நான்காகப் பிரிக்கிறது: ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம். கடைசி இரண்டும் வீட்டுக்கு வழி. முதல் இரண்டும் கட்டு. ஆர்த்த தியானம் என்பது துயரில் ஊன்றிய மனம். அதிலும் நான்கு வகை சொல்கிறார்கள். பிடிக்காதது வந்து சேர்ந்ததே என்று அதையே நினைப்பது. பிடித்தது பிரிந்ததே என்று அதையே நினைப்பது. உடம்பின் வலியையே நினைப்பது. இனி வரப்போகும் சுகத்தையே ஏங்கி நினைப்பது. ரௌத்திரம் இன்னும் கொடியது: ஒருவரை எப்படி வருத்துவது, எப்படி ஏமாற்றுவது, சேர்த்ததை எப்படிக் காப்பது என்றே சுழல்வது.

இதைப் படித்தபின் ‘எனக்குத் தியானம் வராது’ என்ற பேச்சு எடுபடாது. கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் சொன்ன சொல்லை மூன்று நாள் மனத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறோமே, அது தியானம். இரவு இரண்டு மணிக்கு மருத்துவப் பரிசோதனை முடிவை நினைத்துப் படுக்கையில் புரள்வது தியானம். அடுத்த வீட்டுக்காரன் வரப்புத் தகராறையே உழவன் ஏர் ஓட்டும்போதும் நினைப்பது தியானம். ஊன்றி நிற்கும் திறமை எல்லோருக்கும் இருக்கிறது, மிக நன்றாகவே இருக்கிறது. அது எதன்மேல் நிற்கிறது என்பதுதான் கேள்வி. மனத்தை வெறுமையாக்க முயன்று தோற்றுப்போனவர்கள் இந்தப் பகுப்பைத் தெரிந்துகொண்டால் பாதிச் சுமை இறங்கும்.

ஊன்றும் இடத்தை மாற்றுவது எப்படி? சமண இல்லறத்தார்க்குச் சொன்ன வழி சாமாயிகம். ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, நம் கணக்கில் 48 நிமிடம். அந்த நேரம் முழுதும் யாரிடமும் விருப்பு வெறுப்பில்லாமல் நடுநிலையில் இருப்பேன் என்று உறுதி எடுத்து அமர்வது. முடிவில்லாத நேரத்துக்கு யாரையும் கட்டவில்லை. அருங்கலச்செப்பு என்ற தமிழ்ச் சமண நூல் இல்லறத்தார் ஒழுக்கத்தில் இதைச் சேர்த்திருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கும் மேல்சித்தாமூர் செஞ்சிப் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த வழக்கம் ஏட்டில் மட்டும் இருக்கும் ஒன்றன்று.

படுத்துக்கொண்டு செய்வதற்கும் செஞ்சியிலேயே சான்று உண்டு. சிங்கவரம் மலையில் அரங்கநாதர் ஒரே பாறையில் பள்ளிகொண்டிருக்கிறார். அந்தத் துயிலுக்கு நம் இலக்கியம் வைத்த பெயர் அறிதுயில், அறிந்துகொண்டே துயில்வது. வடமொழியில் யோகநித்திரை. பீகார் யோகப் பள்ளியை நிறுவிய சத்யானந்த சரஸ்வதி இந்தப் பெயரில் ஒரு பயிற்சியை வகுத்தார்: மல்லாந்து படுத்து, உடம்பின் உறுப்பு ஒவ்வொன்றாகக் கவனத்தைக் கொண்டுபோவது. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் தீராவலி நோயாளிகளுக்குத் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியிலும் முதல் பாடம் இதைப் போன்றதே: படுத்தபடி கால்விரலிலிருந்து தலைவரை உடம்பைக் கவனிப்பது. பிறகு அமர்தல், நடத்தல். கிடத்தல், இருத்தல், நடத்தல் என்று உடம்பின் பழைய நிலைகளே மருத்துவமனைக்குப் போயிருக்கின்றன. அவருடைய பயிற்சி பௌத்த மரபிலிருந்து எடுத்தது என்பதால் இந்த ஒற்றுமையில் வியப்பில்லை.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு அளவாகவே சொல்ல வேண்டும். மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. இது உடலியல். கபாட்-ஜின் போன்றோர் வகுத்த பயிற்சிகள் மனப்பதற்றத்தையும் நாட்பட்ட வலியின் கொடுமையையும் ஓரளவு குறைக்கின்றன என்பதற்கு ஆய்வுகள் உண்டு. சர்க்கரையும் புற்றும் தியானத்தால் தீரும் என்று மேடையில் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். மாத்திரையை நிறுத்த வேண்டாம். கடுமையான மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் நாள்கணக்கில் மௌனம் காக்கும் முகாம்களுக்குப் போகுமுன் மருத்துவரைக் கேட்பது அவசியம். இவற்றைத் தாண்டி அன்றாடத்தில் கிடைக்கும் பயன் ஒன்றை நான் பெரிதாக மதிக்கிறேன்: ஆர்த்தத்தில் இருக்கிறோம் என்று நடுவிலேயே தெரிந்துவிடுவது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர் பேருந்து நிலையத்துப் பலகையில் அமர்ந்திருக்கும்போது, கோபம் தன்னுள் ஓடுவதைத் தானே பார்த்துவிட்டால் அந்த இரவு வேறாகிவிடுகிறது.

தமிழில் ‘இரு’ என்றால் உட்கார், காத்திரு, உயிரோடு இரு என்று மூன்றும் பொருள். ‘சும்மா இரு’ என்று முருகன் அருணகிரிநாதருக்கு உபதேசித்ததாக மரபு. 1896 செப்டம்பரில் திருவண்ணாமலைக்கு வந்த ரமணரும் தம்மிடம் வந்தவர்களுக்கு இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளைகளை அதட்டும்போது இதே இரண்டு சொல்லை நாம் எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. கோட்டைக்கு வருகிறவர்கள் இனி பெருகுவார்கள். அவர்களில் சிலராவது திருநாதர்குன்றுக்கும் தொண்டூருக்கும் தளவானூருக்கும் வர வேண்டும். வருகிறவர்களிடம் கேட்பது இரண்டு. பாறையில் சாக்குக்கட்டியாலோ கல்லாலோ உங்கள் பெயரை எழுதாதீர்கள். ஐ என்ற எழுத்து முதலில் தென்பட்ட பாறை அது. இரண்டாவது, படம் எடுத்து முடித்ததும் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, நிழல் விழும் ஒரு கல்லில் பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போங்கள்.